பெற்றமையும் ஏற்றமையும்: மகவேற்புச் சட்டத்தின் அறவியல் – கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையை முன்வைத்து

முன்னுரை

ஒரு குழந்தைக்குத் தாய் தந்தையராவோர் யாவர் என்னும் வினாவிற்கு மூவகை விடைகள் வழங்கி வருகின்றன. ஈன்றோரே பெற்றோர் என்பது ஒன்று. வளர்த்தோரே பெற்றோர் என்பது மற்றொன்று. சமூகமும் சட்டமும் எவரைப் பெற்றோர் என ஏற்கின்றனவோ அவரே பெற்றோர் என்பது மூன்றாவது. பெரும்பாலான குடும்பங்களில் இம்மூன்றும் ஒருவரிடமே அமைந்துவிடுவதால் இவ்வினா எழுவதில்லை. மகவேற்பில் இவை பிரிந்து நிற்கின்றன. எனவே பெற்றோர்மை என்பதன் அடிப்படை யாது என்பதை ஆராய மகவேற்பே தக்க களமாகிறது.

அன்பின் வழி அமையும் உறவுக்கு ஆவணமும் ஆணையும் எதற்கு என்பது மகவேற்புச் சட்டத்தை நோக்கிப் பொதுவாக எழுப்பப்படும் தடை. இத்தடையின் வலிமையையும் எல்லையையும் தமிழ் இலக்கியச் சான்றுகள், சட்ட வரலாறு ஆகியவற்றின் துணையோடு ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது. கருநாடக மாநிலம் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையும் அதனைச் சூழ்ந்த சுரங்கக் குடியிருப்புகளும் களப்பின்னணியாகக் கொள்ளப்படுகின்றன. இந்து, கிறித்தவ, பௌத்த சமயங்களைச் சார்ந்த தமிழர்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வருவதால், மகவேற்புச் சட்டத்தின் முரண்கள் இவ்வூரில் தெளிவாகப் புலப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

தமிழில் ‘பெறு’ என்னும் வினை ஈனுதலையும் அடைதலையும் ஒருங்கே குறிக்கிறது. பிள்ளை பெறுதல், பரிசு பெறுதல் என்னும் இரண்டிற்கும் சொல் ஒன்றே. ‘பேறு’ என்னும் பெயரும் மகப்பேற்றையும் நற்பேற்றையும் சுட்டுகிறது. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் ‘மக்கட்பேறு’ எனவும், பரிமேலழகர் பாடத்தில் ‘புதல்வரைப் பெறுதல்’ எனவும் வழங்குகிறது. தலைப்பு எதுவாயினும், ஈன்றெடுத்தல் என்னும் உடல்நிகழ்வைக் காட்டிலும் பிள்ளையால் அடையும் இன்பமும், பிள்ளைக்குத் தந்தை ஆற்றும் கடனுமே அவ்வதிகாரத்தில் மிகுதியாகப் பேசப்படுகின்றன. பெற்றோர் என்னும் சொல்லுக்கு ‘அடைந்தோர்’ என்னும் பொருளும் பொருந்துவதால், ஈனாதாரும் பெற்றோராதற்கு மொழியளவில் தடையில்லை எனலாம்.

மகவேற்பைக் குறிக்க வழங்கும் சொற்களும் நோக்கத்தக்கன. ‘தத்து’ என்பது கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது, கொடுப்பவரை முன்னிறுத்துவது. ‘சுவீகாரம்’ என்பது தனதாக்கிக்கொள்ளுதல் எனப் பொருள்படும். எடுப்பவரின் உரிமையை முன்னிறுத்துவது. ‘மகவேற்பு’ என்னும் பிற்காலச் சொல்லாக்கம் மகவை முதலில் நிறுத்தி, ஏற்றல் என்னும் செயலைப் பின்னர் வைக்கிறது. கொடுப்பவரிடமிருந்து எடுப்பவருக்கும், எடுப்பவரிடமிருந்து குழந்தைக்கும் என நோக்கு நகர்ந்து வந்ததனை இம்மூன்று சொற்களும் உணர்த்துகின்றன. சட்டத்தின் வரலாறும் இந்நகர்வின் வரலாறேயாம்.

ஆபுத்திரன்: கைவிடப்பட்ட ஏற்பு

மகவேற்பின் அறச்சிக்கலை மிகக் கூர்மையாக எடுத்துரைக்கும் தமிழ்ப் படைப்பு மணிமேகலை. வாரணாசியைச் சேர்ந்த சாலி என்பவள் நெறி தவறியமைக்கு அஞ்சிக் குமரியாட வருகிறாள். வழியில் ஈன்ற குழந்தையைத் தோட்டமொன்றில் இட்டுச் செல்கிறாள். பசு ஒன்று ஏழு நாள் பாலூட்டி அதனைக் காக்கிறது. வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி என்னும் அந்தணன் அக்குழந்தையைக் கண்டெடுத்து மகிழ்ந்து, தன் மகனாகவே வளர்த்து, வேதமும் கற்பிக்கிறான்.

பின்னர் வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் விடுவிக்க, ஊரார் சினங்கொள்கின்றனர். அப்பூசலின் நடுவே அவனது பிறப்பு வெளிப்படுத்தப்படுகிறது. அதுவரை தந்தையாயிருந்த இளம்பூதி அவனைத் தன் இல்லத்திலிருந்து நீக்கிவிடுகிறான்.

இளம்பூதி அன்பற்றவனாகக் காட்டப்படவில்லை. கண்டெடுத்த நாளில் அவன் கொண்ட மகிழ்ச்சியும் ஆண்டுக்கணக்கில் புரிந்த வளர்ப்பும் உண்மையானவை. ஆயினும் அவ்வுறவு அவனுடைய மனத்தின்கண் மட்டுமே நிலைபெற்றிருந்தது. மனம் மாறியபோது உறவும் இல்லாதாயிற்று. தடுக்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை. விருப்பத்தால் மட்டும் அமைந்த ஒன்று விருப்பமின்மையால் அழியக்கூடும் என்பதே இக்கதைப்பகுதி உணர்த்தும் அறவியல் உண்மை.

1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு மற்றும் சீவனாம்சச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. முறையாக நிகழ்ந்த தத்தினைத் தத்தெடுத்த தந்தையோ தாயோ பிறரோ நீக்க இயலாது; தத்துப்பிள்ளையும் அவ்வுறவைத் துறந்து பிறந்த குடும்பத்திற்கு மீள இயலாது என்பது அப்பிரிவின் கருத்து. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குமுறைகள் மகவேற்பு கலையும் அரிய சூழலையும் கணக்கில் கொள்கின்றன. எனினும் அது ஆணையின் வழியே நிகழ வேண்டுமேயன்றி, வளர்ப்போரின் சினத்தால் ஒரே இரவில் நிகழ்ந்துவிட முடியாது. ஆபுத்திரனுக்குக் கிட்டாத காப்பு இதுவேயாம்.

கரணம் என்னும் கருத்தாக்கம்

தொல்காப்பியர் கற்பியலில், பொய்மையும் பிழையும் தோன்றிய பின்னரே சான்றோர் திருமணத்திற்குக் கரணம் வகுத்தனர் எனக் குறிப்பிடுகிறார். களவில் தோன்றிய அன்பு பொய்யன்று. ஆயினும் அதனை மறுக்கும் வாய்ப்பு ஒருவருக்கு இருக்கும்வரை மற்றவர் காப்பற்றவராகிறார். எனவே அன்புக்குச் சான்று வேண்டப்பட்டது. அன்பை உண்டாக்குவது கரணத்தின் பணியன்று. உண்டான அன்பை மறுக்கவியலாததாக்குவதே அதன் பணி.

இக்கருத்தை மகவேற்புக்கும் பொருத்திக் காணலாம். திருமணத்தில் இருவரும் வாய்திறந்து ஒப்புதல் அளிக்கும் நிலையினர். மகவேற்பிலோ உறவின் ஒரு முனையில் நிற்பது பேச்சறியாக் குழந்தை. அது தானாக ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது. மீறப்பட்டால் முறையிடவும் இயலாது. களவில் தலைவிக்குத் தோழியாவது உண்டு. கைவிடப்பட்ட குழந்தைக்கு அதுவும் இல்லை. எனவே திருமணத்தைக் காட்டிலும் மகவேற்பிற்கே கரணம் மிகுதியாக வேண்டப்படுகிறது எனலாம்.

கொடிவழிக்கான தத்து

சட்டம் தொடக்கத்தில் குழந்தையை நோக்கி அமைந்ததன்று. குடிவழி அறாமை, நீத்தார் கடன், சொத்துரிமை ஆகியனவே பழைய தத்து முறையின் நோக்கங்கள். 1868-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த இராமநாதபுரம் வழக்கு இதற்குத் தக்க சான்று. கணவனின் முன்னொப்புதல் இன்றிச் சேதுபதியின் கைம்பெண் எடுத்த தத்து செல்லாது. சமீன் அரசுக்கே உரியது என்பது மதுரை ஆட்சியர் தரப்பின் வாதம். தென்னாட்டில் கணவனின் உறவினரது இசைவுடன் கைம்பெண் தத்தெடுக்கலாம் என்றும், தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் நூல்வாசகத்தினும் வலியது என்றும் மன்றம் முடிவு செய்தது. தமிழகத்து வழக்காற்றுக்குக் கிடைத்த பெருவெற்றி இத்தீர்ப்பு. ஆயினும் அவ்வழக்கில் விவாதிக்கப்பட்டது சமீனின் உரிமையே; பிள்ளையின் நலம் வினாவாகவே எழவில்லை.

தங்கவயல் அமைந்த மைசூர் நாட்டின் வரலாறும் ஒரு தத்தினால் திசைமாறியதே. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1865-இல் சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். இதனை ஏற்கத் தயங்கிய ஆங்கில அரசு 1867-இல் இசைந்தது. 1881-இல் நாடு அத்தத்துப்பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் பணி தொடங்கியது 1880-இல். அதே அரச குடும்பத்தில் 2015-இல் நிகழ்ந்த தத்தில், எடுக்கப்பட்டவரின் அகவை இருபத்திரண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பதினைந்து அகவை நிரம்பாதவரையே தத்தெடுக்க இசையினும், மாறான வழக்கமுடையோர்க்கு விலக்கு அளிக்கிறது. கொடிவழிக்கான தத்து இன்றும் சட்டத்தினுள் இடம்பெற்றிருப்பதை இது காட்டுகிறது.

ஒரு தெரு, இரு சட்டங்கள்

தங்கவயலின் சுரங்கங்களில் உழைக்க வடார்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளில் பல சமயத்தவரும் அண்டை அயலாராக வாழ்ந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிகுப்பம், சாம்பியன் ரீப் பகுதிகளில் வேரூன்றியது; அவருடைய நூல்களை வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலைச் சார்ந்ததே. ஆபுத்திரனின் கதையைக் கூறும் காப்பியம் இம்மக்களின் சமய மரபிற்கும் உரியதாதல் கருதத்தக்கது.

சுரங்க விபத்தும் கல்தூசால் விளையும் நுரையீரல் நோயும் உழைப்போரின் வாழ்நாளைக் குறைத்த இடத்தில், பெற்றோரை இழந்த பிள்ளையைச் சித்தியோ மாமனோ பாட்டியோ எடுத்து வளர்த்தல் இயல்பான அறமாகும். அதற்கு எவரும் பெயரிடுவதில்லை. பதிவு செய்வதும் இல்லை. இவ்வழக்கத்திற்குச் சட்டம் எத்தகைய இடம் அளித்தது என்பதை நோக்குதல் வேண்டும்.

1956-ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கும், அச்சட்டத்தின் வரையறைப்படி பௌத்த, சமண, சீக்கியருக்கும் உரியது. கிறித்தவரும் இசுலாமியரும் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புச்சிறார் சட்டத்தின்கீழ்க் காப்பாளராக மட்டுமே அமைய முடிந்தது. காப்பாளர் உறவு குழந்தை உரிய அகவை எய்தியதும் முடிவுறுவது. வாரிசுரிமையைத் தானாகத் தராதது. ஒரே சுரங்கத்தில் இறங்கி, ஒரே குழாயடியில் நீர் பிடித்து, அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த இருவருள் பௌத்தர் எடுத்த பிள்ளை சட்டப்படி மகனாக, கிறித்தவர் எடுத்த பிள்ளை காப்புச்சிறாராகவே நின்றது. வளர்ப்பில் வேறுபாடு இல்லை. வளர்ப்போரின் சமயமே பிள்ளையின் நிலையை முடிவு செய்தது. குழந்தை தேர்ந்துகொள்ளாத ஒன்றால் குழந்தையின் உரிமை குறைவுபட்டமை அறத்தின்பாற்பட்டதன்று.

2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் சமயச் சார்பற்ற மகவேற்புக்கு வழி வகுத்தன. 2014 பிப்ரவரியில் சப்னம் ஹாஷ்மி வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற ஆயம், எச்சமயத்தவரும் இச்சட்டத்தின் வழி மகவேற்கலாம் என உறுதி செய்தது. மகவேற்பை அடிப்படை உரிமையாக அறிவிக்க மட்டும் அது இசையவில்லை. 2015-ஆம் ஆண்டுப் புதிய சட்டம், உறவினர் குழந்தையை ஏற்பதற்கும் சமய வேறுபாடின்றி இடமளித்தது. சிற்றப்பன், அத்தை, மாமன், சித்தி, பாட்டன், பாட்டி ஆகியோர் இவ்வுறவினர் வரையறையுள் அடங்குவர். லைன் வீடுகளில் பெயரின்றி நிகழ்ந்து வந்த அறத்திற்குச் சட்டம் இவ்வாறு காலந்தாழ்ந்து பெயரிட்டது எனலாம்.

நடைமுறையின் அறம்

இன்றைய நடைமுறையின் ஒவ்வொரு படியையும் ‘இது யாருக்காக?’ என்னும் வினாவால் அளத்தல் வேண்டும். குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர்க்கு மறுசிந்தனைக்கென அறுபது நாள்கள் அளிக்கப்படுகின்றன. கைவிடப்பட்ட குழந்தையின் பெற்றோரைத் தேடிய பின்னரே குழந்தைகள் நலக் குழு அதனை மகவேற்புக்கு உரியதென அறிவிக்கிறது. ஏற்க விழைவோரின் இல்லம் ஆய்வு செய்யப்படுகிறது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின், நீதிமன்றத்திற்கு மாற்றாக மாவட்ட ஆட்சித்தலைவரே ஆணை வழங்குகிறார். அதன்பின்னும் ஈராண்டுகள் குழந்தையின் நலம் கண்காணிக்கப்படுகிறது.

அறுபது நாள் என்பது ஏற்போர்க்கு நீண்ட காத்திருப்பு. ஒப்படைத்த தாய்க்கோ இறுதி வாய்ப்பு. 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்கவயல் மக்களுள் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியுமுன் தொடர்வண்டியேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். இத்தகைய ஊரில் வறுமை ஒன்றே ஒரு தாயைக் குழந்தையிடமிருந்து பிரிக்குமாயின், அங்குத் தேவைப்படுவது தாய்க்கான உதவியேயன்றி மகவேற்பன்று. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில், வளர்க்கும் பேறிழந்த தேவகியின் குரலில் புலம்பியுள்ளார். பெரியாழ்வார் யசோதையின் குரலில் பாடியுள்ளார். ஏற்ற தாயின் மகிழ்ச்சியை மட்டும் பாடி, இழந்த தாயின் துயரை மறந்துவிடாத மரபு தமிழ் மரபு. அறுபது நாள் விதி தேவகிக்காக அமைந்தது.

அதே வேளையில், வினவத்தக்க படிகளும் உள. ஏற்போர் உடல்நலமும் பொருள்வளமும் மனத்தெளிவும் உடையோராதல் வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. பொருள்வளம் என்பதற்கு வருமானச் சான்றே அளவுகோலாயின், நாட்கூலி பெறுவோர் தொடக்கத்திலேயே பின்தள்ளப்படுவர். தலைமுறைகளாகப் பிறர் பிள்ளையைத் தம் சோற்றில் பங்கிட்டு வளர்த்தோர், தம் தகுதியைத் தாளில் காட்ட இயலாமையால் தகுதியற்றோராதல் பொருந்தாது. ராபர்ட்சன்பேட்டையில் வாழும் தம்பதியர்க்கு மாவட்டத் தலைநகர் கோலார்; மாநில ஆட்சிமொழி கன்னடம்; வீட்டு மொழி தமிழ். இல்ல ஆய்வு செய்வோர் குடும்பத்தின் மொழியை அறியாதவராயின், அவர் காண்பது சுவரையும் கூரையையுமேயன்றி அக்குடும்பத்தின் உறவையன்று.

காலத்தாழ்வும் இவ்வாறே நோக்கத்தக்கது. பெரியோர்க்கு ஓராண்டு என்பது சிறு பொழுது. ஈரகவைக் குழந்தைக்கு அது வாழ்நாளில் பாதி. பொய்யைத் தடுக்க வகுக்கப்பட்ட கரணம், காக்கப்பட வேண்டிய உயிரைக் காப்பகத்திலேயே வளரச் செய்யுமாயின் தன் நோக்கத்தைத் தானே இழந்துவிடும். எனவே நடைமுறை வேண்டும் என்பதும் விரைவு வேண்டும் என்பதும் முரணானவை அல்ல. இரண்டும் குழந்தையை முன்னிறுத்தியே எழுவன.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கொன்று வெளிப்பட்டது. ஓய்வுபெற்ற செவிலியர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். ஏழைப் பெற்றோரின் குழந்தைகள் விலைக்கு விற்கப்பட்டதும், வாங்கியோர் பெயரில் பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தரப்பட்டதாகக் கூறப்பட்டதும் நாட்டை அதிரச் செய்தன. இத்தகைய விற்பனை தண்டனைக்குரிய குற்றமாகும். ஆயினும், சட்டமுறை மகவேற்பு இருக்கையில் விலை கொடுத்து வாங்குவோர் ஏன் உளர் என்பதே ஆழ்ந்த வினா. காத்திருப்பைத் தவிர்த்தல் ஒரு காரணம். தாமே ஈன்றதாக ஊரை நம்பச்செய்யும் விழைவு மற்றொரு காரணம். ஈனாமை இழிவு என்னும் எண்ணம் நிலைக்கும்வரை, பொய்ச் சான்றிதழுக்கு விலையும் நிலைத்திருக்கும்.

சட்டப்படியான மகவேற்பிலும் ஏற்போரின் பெயர் தாங்கிய பிறப்புச் சான்றிதழே வழங்கப்படுகிறது. அதுவும் புனைவேயன்றோ என வினவலாம். இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. சட்டத்தின் புனைவு அறிந்தே செய்யப்படுவது. அதன் பின்னே உண்மையின் ஆவணம் காக்கப்படுகிறது. வளர்ந்த பிள்ளை தன் வேரைத் தேடும் உரிமையும், ஈன்றோரின் மறைகாப்பும் ஒருங்கே மதிக்கப்படுகின்றன. பொய்ச் சான்றிதழோ உண்மையின் தடத்தையே அழித்துவிடுகிறது. முன்னது உறவை உண்டாக்கும் புனைவு. பின்னது உண்மையைத் திருடும் புனைவு.

மறைத்தல் இன்றியும் இரு குடும்ப உறவு இயலும் என்பதற்குப் பெரியபுராணம் சான்று தருகிறது. திருநாவலூர்ச் சடையனார் - இசைஞானியார் மகனாராகிய நம்பியாரூரரை, நரசிங்கமுனையரையர் அன்பினால் வேண்டிப் பெற்று அரசத் திருவோடு வளர்க்கிறார். ஈன்றோர் மறைக்கப்படவில்லை, வளர்த்தோரும் குறைக்கப்படவில்லை. சடையனார், இசைஞானியார், நரசிங்கமுனையரையர் ஆகிய மூவரும் அறுபத்துமூவருள் வைத்துப் போற்றப்படுகின்றனர். ஆபுத்திரனின் பிறப்பு மறைபொருளாயிருந்து, பகைவர் வாயிலாக வெளிப்பட்டுப் படைக்கலமாயிற்று. நம்பியாரூரரின் பிறப்பு அனைவரும் அறிந்ததாயிருந்தமையால் எவர் கையிலும் படைக்கலமாகவில்லை. பிள்ளைக்கு உண்மையைத் தொடக்கத்திலேயே உணர்த்துதல் வளர்ப்போரின் கடமை என்னும் கருத்து இவ்விரு வரலாறுகளின் ஒப்பீட்டால் வலுப்பெறுகிறது.

முடிவுரை

இவ்வாய்வின் வழி பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பிறப்பு என்பது நிகழ்வு. வளர்ப்பு என்பது செயல். மகவேற்பு என்பது வாக்குறுதி. வாக்குறுதி பெறுவோர் பேச இயலாக் குழந்தையாதலின், அதற்குச் சான்றாகப் பொதுச்சமூகம் நிற்றல் வேண்டும். அச்சான்றே சட்டம். அன்பை ஐயுறுதல் அதன் நோக்கமன்று. அன்பு மாறும் நாளிலும் குழந்தை மகவாகவே நிற்றல் வேண்டும் என்பதே நோக்கம்.

சமயத்தால் குழந்தையின் நிலை வேறுபட்டமை சட்டத்தின் பழைய குறை. அது பெரிதும் களையப்பட்டுள்ளது. வருமானம், மொழி, தொலைவு ஆகியவற்றால் எளியோர் விலக்கப்படும் வாய்ப்பு இன்றும் களையப்பட வேண்டிய குறை.

எடுத்து வளர்க்கும் வழக்கம் வேரூன்றிய ராபர்ட்சன்பேட்டை போன்ற ஊர்களுக்குச் சட்டம் அன்பைக் கற்பிக்க வேண்டுவதில்லை; அவ்வன்புக்குச் சான்றளித்தலே அது செய்யத்தக்கது. இளம்பூதியின் இல்லத்திலிருந்து நீக்கப்பட்ட ஆபுத்திரன், தென்மதுரையில் இரந்துபெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர்க்குப் பகிர்ந்தளித்தான். பின்னர் அமுதசுரபியைப் பெற்று உலகின் பசி தீர்த்தான். கைவிடப்பட்ட பிள்ளை தன் அறத்தால் உயர்ந்தமை காப்பியத்தின் பெருமை. அத்தகைய பேராற்றல் இல்லாத எளிய குழந்தையும் கைவிடப்படாதிருத்தலே சட்டத்தின் பெருமையாகும்.